அவர் அண்டர்கிரவுண்டில் இருந்தவர் என்று சொல்லுங்கள்

கோலார் தங்கவயல் ஸ்கெலட்டன் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா தங்கச்சிகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும்,

நலம் விசாரித்து எழுதும் கடிதம் இல்லை இது. புருஷனையோ பெண்டாட்டியையோ திடீரென்று ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய், என்ன நோய் என்று யாரும் சொல்லாத நிலையில் ஐ.சி.யூ. வாசலில் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நம் மைன்ஸ் குடியிருப்பு லைனில் இந்த வருஷமும் சிலர் அப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள். கோலாரில் இருக்கலாம், பெங்களூரில் இருக்கலாம், வேலூரில் இருக்கலாம். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவள்தான். உள்ளே போனவர் திரும்பி வந்தார். என்ன வந்தது என்பதற்கு மட்டும் இன்று வரை பெயர் கிடைக்கவில்லை.

நம் அம்மாக்களுக்குக் காத்திருப்பது புதிதில்லை. சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்து ராக் பர்ஸ்ட் ஆனால் வீட்டுச் சுவரே ஆடும், அலமாரிப் பாத்திரம் உருளும். உலை கொதிக்கிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். ஆள் ஏறி இறங்கும் கேஜ் மேலே வரும்போதெல்லாம் எல்லோருடைய கண்ணும் அதன் மேல். ஆனால் அந்தக் காத்திருப்பில் இரண்டு விஷயம் இருந்தது. என்ன நடந்தது என்பது தெரியும், பக்கத்தில் லைனே கூடி நிற்கும். இன்றைக்கு நமக்கு அந்த இரண்டும் இல்லை. மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டை தாண்டி, முகம் தெரியாத ஊரில் லிஃப்ட் எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கிறோம். உள்ளே கிடப்பவருக்கு என்ன ஆனது என்று கேட்டால் "டெஸ்ட் போயிருக்கு" என்பதே பதில்.

என் வீட்டுக்காரர் மைன்ஸில் பதினைந்து வருஷ சர்வீஸ். டிரில் மெஷின் பிடித்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி கம்பெனி மூடிய பிறகு, நம் ஊர் ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் மாதிரி பெங்களூரில் செக்யூரிட்டி வேலை. ஒரு நாள் நைட் டியூட்டி முடித்து ரயிலில் வந்து இறங்கினார், காய்ச்சல் அடிக்கிறது என்று படுத்தார். சாயங்காலம் பேச்சு குழறியது. ராத்திரி என்னைப் பார்த்து "நீங்க யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். முப்பது வருஷத்தில் அவர் என்னை "நீங்க" என்று சொன்னது அன்றைக்குத்தான். அப்புறம் வலிப்பு. ராபர்ட்சன்பேட்டையில் பார்த்துவிட்டுக் கோலாருக்கு அனுப்பினார்கள், கோலாரிலிருந்து பெங்களூருக்கு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு புது டாக்டர், ஒரே கேள்வி: "என்ன ஆச்சு, சொல்லுங்க."

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். நாம் அதைச் சம்பிரதாயக் கேள்வி என்று நினைத்து "திடீர்னு ஆச்சு சார், நல்லா இருந்தாரு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். டாக்டர் கையில் அந்த நிமிஷம் இருப்பது ரத்தமும் ஸ்கேனும் நம் வாயும்தான். வாயில் வருவதற்குச் செலவும் இல்லை, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். படுக்கையில் கிடப்பவரால் பேச முடியாதபோது, அவர் எதைச் சாப்பிட்டார், எங்கே போனார், எப்போது முதல் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார், எந்தப் பச்சிலையைக் குடித்தார், எந்தக் கடையில் ஊசி போட்டுக்கொண்டார், குடி உண்டா, நாய் பிராண்டியதா என்பதெல்லாம் தெரிந்த ஆள் நாம் ஒருவர்தான். குடியைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். குடி நின்றதால் வரும் வலிப்பும் உண்டு, அதற்கு வைத்தியம் வேறு.

கே.ஜி.எஃப். என்கிற நம் தங்கவயல் ஆளுக்கு இன்னொன்று கூட உண்டு. அவர் அண்டர்கிரவுண்டில் இருந்தவர் என்று சொல்லுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், நாமாகத்தான் சொல்ல வேண்டும். சாம்பியன் ரீஃபில் இருந்த மைன்ஸ் ஆஸ்பத்திரியில் சர்வீஸ் எத்தனை வருஷம், எந்த ஷாஃப்ட் என்பதையே முதலில் கேட்பார்கள். அந்த ஆஸ்பத்திரியும் மைன்ஸோடு போய்விட்டது. 2021இல் கொரோனாவுக்காக இளைஞர்கள் கூடிச் சுத்தம் செய்து படுக்கை போட்டார்களே, அதோடு சரி. இன்றைக்கு ஐ.சி.யூ.வில் நிற்கும் டாக்டருக்கு வயது முப்பது இருக்கும். அவருக்குக் கே.ஜி.எஃப். என்றால் சினிமா.

எங்களுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் பொட்டுப் பொட்டாக நிழல். வலிப்பும் காய்ச்சலும் சேர்ந்ததால் மூளையில் டிபியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். சந்தேகத்தில் தப்பே இல்லை, நம் நாட்டில் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். நான்தான் அவர் மைன்ஸில் இருந்ததைச் சொல்லி, மூடிய சமயத்தில் எடுத்த பழைய எக்ஸ்ரேயை டிரங்குப் பெட்டியிலிருந்து கொண்டு வரச் சொல்லி மகனை அனுப்பினேன். இரண்டையும் விளக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்தார்கள். அதே நிழல், அதே இடம். அது கல்லுத் தூசி செய்த வேலை, இந்த வாரக் காய்ச்சலோடு அதற்குச் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று புரிந்தது. சிலிகோசிஸ் என்ற அந்தத் தூசி நோய் இருப்பவருக்கு டிபி வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதால் டிபி டெஸ்டை நிறுத்தவில்லை. ஆனால் தேடல் வேறு பக்கமும் திரும்பியது.

இந்தக் குழப்பம் நம் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. நம் ஊர் மண்ணுக்கே பழசு. ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வந்து தோண்ட ஆரம்பித்ததிலிருந்து எத்தனையோ பேர் இருமி இருமிச் செத்தார்கள், எல்லாம் டிபி கணக்கிலும் ஆஸ்துமா கணக்கிலும் போனது. மைசூர் அரசு சிலிகோசிஸுக்கு இழப்பீட்டு விதி கொண்டு வந்தது 1940இல்தான். அதன் பிறகு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அந்த நோய் இருந்தது. அதுவரை அவர்களுடைய பெண்டாட்டிமார் என்ன சொல்லிக்கொண்டு படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களோ. நம் பாட்டிமார் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

கல்லுத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வேலையை விட்ட பிறகும் நோய் வளரும். இருபது இருபத்தைந்து வருஷம் கழித்தும் மூச்சு திடீரென்று அடைக்கலாம், நுரையீரல் ஓட்டையாகிக் காற்று வெளியேறி நெஞ்சை அமுக்கலாம். மூட்டு வாதம், தோல் இறுகும் நோய், சிறுநீரகக் கோளாறு இவையெல்லாம் சிலிகாத் தூசியில் இருந்தவர்களுக்கு அதிகமாக வருவதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆகவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று போனாலும் சரி, கால் வீக்கம் என்று போனாலும் சரி, முதல் வாக்கியம் அதுவாக இருக்கட்டும்: "இவர் மைன்ஸில் இத்தனை வருஷம் அடியில் வேலை செய்தவர்." கேஸ் ஷீட்டில் அதை எழுதச் சொல்லுங்கள். எழுதும் வரை நகராதீர்கள். ஷிஃப்ட் மாறினால் டாக்டரும் மாறுவார்.

ஊர் ஆள் சொன்ன ஒரு வார்த்தையில் வழி திறந்ததற்கு வெளியிலும் உதாரணம் உண்டு. 1957இல் சிவமொக்கா மாவட்டத்துக் க்யாசனூர் காட்டுப் பக்கம் ஒரு காய்ச்சல் வந்தது. பெயர் இல்லாத காய்ச்சல். காட்டில் குரங்குகள் செத்துக் கிடப்பதைச் சுற்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். புனேயிலிருந்து வந்த வைரஸ் ஆராய்ச்சிக்காரர்கள் அந்த நுனியைப் பிடித்துத்தான் உண்ணியில் இருந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். இப்போது நம் பக்கத்திலேயே ஸ்க்ரப் டைபஸ் என்று ஒன்று. புதர்ப் பூச்சி கடித்து வரும். சாதாரணக் காய்ச்சல் போல ஆரம்பித்து ஒரு வாரத்தில் மூச்சு, மூளை, சிறுநீரகம் எல்லாவற்றையும் பிடித்து வென்டிலேட்டர் வரை கொண்டுபோகும். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் அதைப் பற்றி வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்து, எந்த மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்று 2023இல் உலகத்துக்கே சொன்னார்கள். அந்தப் பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது. அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்கு அடியில், டாக்டர் அவசரத்தில் பார்க்காத இடத்தில் இருக்கும். எல்லோருக்கும் இருக்காது, இருந்தால் அது ஒரு கையெழுத்து. அதைப் பார்க்கும் உரிமையும் கண்ணும் யாருக்கு உண்டு? வெட்கத்தை விட்டுப் பாருங்கள், பார்த்ததைச் சொல்லுங்கள். இடிந்து கிடக்கும் பழைய லைன்களுக்குள் புதர் மண்டிய பிறகு நாம் அதற்குள்தான் விறகுக்கும் ஆட்டுக்கும் போய் வருகிறோம்.

அடுத்தது, "எல்லா டெஸ்டும் நெகட்டிவ்." இந்த வார்த்தையைக் கேட்டு என் நாத்தனார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தலையில் அடித்துக்கொண்டார். நெகட்டிவ் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். மைன்ஸ் குடும்பத்துக்கு இதைப் புரிய வைப்பது கஷ்டமில்லை. தங்கம் இருக்கும் ரீஃப் தேடி அடியில் ஒரு பக்கம் டிரைவ் என்ற சுரங்கவழி ஓட்டுகிறார்கள், தங்கம் இல்லை. அந்தப் பக்கம் இல்லை என்று பிளானில் குறித்துவிட்டு வேறு லெவலில் வேறு பக்கம் ஓட்டுவார்கள். ஓட்டியது வீணா? டெங்கு இல்லை, மலேரியா இல்லை, கட்டி இல்லை, ரத்தக் கசிவு இல்லை என்பதெல்லாம் அப்படிக் குறித்து வைத்த இடங்கள்.

கடைசி வரை பெயர் கிடைக்காமல் போவதும் உண்டு, அது டாக்டர்களின் திறமைக் குறைவால் மட்டும் நடப்பதில்லை. இங்கிலாந்தில் 203 மூளைக்காய்ச்சல் நோயாளிகளை எடுத்துக்கொண்டு, இருக்கிற டெஸ்டெல்லாம் செய்து பார்த்த ஒரு ஆய்வு 2010இல் வெளிவந்தது. அதிலும் 37 சதவீதம் பேருக்குக் காரணம் தெரியவில்லை. பெயர் தெரியாமலே குணமாவதும் உண்டு. 2020 டிசம்பரில் ஆந்திராவில் ஏலூரு ஊரில் நடந்து போனவர்கள் நடந்த இடத்திலேயே வலிப்பு வந்து விழுந்தார்களே, நினைவிருக்கிறதா? 500 பேருக்கு மேல். கொரோனா இல்லை, மூளைக்காய்ச்சல் இல்லை. பிறகுதான் ரத்தத்தில் காரீயமும் நிக்கலும் இருப்பதாகவும், பூச்சிமருந்தாக இருக்கலாம் என்றும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதற்குள் பெரும்பாலானவர்கள் வலிப்பு மருந்திலேயே தெளிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். வலிப்பை நிறுத்துவது, மூச்சைக் காப்பாற்றுவது, பிரஷரைப் பிடித்து நிறுத்துவது, இதெல்லாம் பெயருக்காகக் காத்திருக்காது. டாக்டரிடம் "என்ன நோய்?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதைவிட, "இன்னிக்கு எதுக்கு மருந்து போகுது? எதைத் தேடுறீங்க? எது நடந்தா பயப்படணும்?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் அவர்களிடம் பதில் இருக்கும்.

முதுகு ஊசியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்துப் பரிசோதிப்பார்கள். அதற்குக் கையெழுத்து கேட்டதும் நம் ஆட்கள் கூடிப் பேச ஆரம்பிக்கிறார்கள். "முதுகுல குத்தினா கால் விளங்காது, ஆண்டர்சன்பேட்டைல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு." யார் அந்த ஒருத்தர் என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, நரம்பு நூல்கள் தண்ணீரில் மிதக்கும் இடத்தில். இரண்டு மூன்று நாள் தலைவலி வரலாம். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவரா என்பதை நீங்கள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சிலருக்கு முதலில் தலை ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் செய்வார்கள். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள், ஆனால் மாமா ஓசூரிலிருந்து வந்து சேரட்டும் என்று ஒரு ராத்திரியைத் தள்ளாதீர்கள். மருந்து ஏற ஏற அந்தத் தண்ணீரில் கிருமியின் தடயம் குறைந்துகொண்டே போகும். பெண்டாட்டி கையெழுத்துப் போட்டால் போதும், அதற்குப் பங்காளிக் கூட்டம் வேண்டியதில்லை.

பங்காளிகள் என்றதும் பழி ஞாபகம் வருகிறது. காரணம் தெரியாத நோய்க்கு முதலில் கிடைக்கும் காரணம் பெண்டாட்டிதான். "அன்னிக்கு ராத்திரி என்ன சமைச்ச?" என்று மாமியார் கேட்டார். "சண்டை ஏதும் போட்டியா?" என்று கொழுந்தனார் கேட்டார். ஒருவர் செய்வினை என்றார், ஒருவர் சயனைடு மேட்டுக் காற்று என்றார். சயனைடு மேட்டைப் பற்றி நானும் டாக்டரிடம் கேட்டேன். தங்கம் எடுத்து மிஞ்சிய, மூன்று கோடி டன்னுக்கு மேல் அரைத்த மண் நம் தலைமாட்டில் மலையாகக் கிடக்கிறது, காற்றடித்தால் சோற்றில் விழுகிறது, கேட்காமல் இருக்க முடியுமா? நெஞ்சுக்கு அது கெடுதல், இந்த வலிப்புக்கும் அதற்கும் தொடர்பு காட்ட எதுவும் இல்லை என்றார். சரி. எனக்கு அந்தப் பதில் போதும். ராத்திரிக் குழம்பு அவரை வீழ்த்தவில்லை என்பதையும் அவரே மாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கன்னடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். மாமியார் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. பழி வந்தால் இப்படி டாக்டர் வாயால் முடித்து வையுங்கள், நம் வாயால் முடியாது.

கொஞ்சம் தெளிந்த பிறகு அவர் செய்ததுதான் என்னை அதிகம் ஆட்டியது. கண் விழித்தார், ஆனால் பெங்களூரில் இல்லை. கேஜ் பெல் அடிக்கச் சொல்லிக் கத்தினார். "காத்து வரல, மேல ஏத்துங்கடா" என்று டியூபைப் பிடுங்கினார். நர்ஸம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று மகன் அழுதான். ஐ.சி.யூ.வில் இருப்பவர்களில் நிறையப் பேருக்கு இந்தக் குழப்பம் வரும், அநேகமாக நாட்களில் தெளியும். ராத்திரி பகல் தெரியாத விளக்கு, தூக்க மருந்து, காய்ச்சல், கட்டி வைத்த கை எல்லாம் சேர்ந்து செய்வது. பார்க்க விடும் அந்தப் பத்து நிமிஷத்தில் அவருடைய கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், காது மெஷின் இருந்தால் மாட்டுங்கள். இன்று என்ன கிழமை, எந்த ஊர், நீங்கள் யார் என்று அமைதியாகச் சொல்லுங்கள். அவர் சொல்வது தப்பு என்று வாதாடாதீர்கள். நான் "ஷிஃப்ட் முடிஞ்சுது, மேல வந்துட்டீங்க" என்று சொன்னேன். அதற்குக் கொஞ்சம் அடங்கினார்.

ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் என்றைக்கு என்ன ஆரம்பித்தது, மணி போட்டு. அடுத்து அவர் சாப்பிட்டுவந்த மாத்திரைகளின் பெயர், ஒவ்வாத மருந்து, பழைய ஆபரேஷன். அப்புறம் தினமும் எந்த டாக்டர் என்ன சொன்னார், என்ன டெஸ்ட் போனது, என்ன வந்தது. டாக்டரிடம் பேச வீட்டில் ஒரே ஒரு ஆள் போதும், நாலு பேர் நாலு விதமாகக் கேட்டால் நாலு விதமான பதில் வீட்டுக்கு வரும். அந்த நோட்டிலேயே பக்கத்துப் படுக்கைக்காரர் கதை, அன்றைக்கு ரயில் லேட், மகளுக்கு வேலை கிடைத்தது என்று மற்றதையும் எழுதி வையுங்கள். வடக்கு ஐரோப்பாவில் நாற்பது வருஷமாக நர்ஸுகளும் குடும்பமும் சேர்ந்து இப்படி ஐ.சி.யூ. டைரி எழுதுகிறார்கள். மயக்கத்தில் போன நாட்களில் என்ன நடந்தது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்குப் பிறகு அதைப் படிக்கக் கொடுக்கிறார்கள், கெட்ட கனவும் பயமும் அதனால் குறைகின்றன என்று சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு நர்ஸம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டார்.

அண்ணன் தம்பிகளே, இத்தனை நேரம் புருஷன் படுக்கையில், பெண்டாட்டி வாசலில் என்றே எழுதிவிட்டேன். திருப்பிப் போட்டுப் பாருங்கள். அவள் படுத்துவிட்டால் அவளுக்குச் சுகர் மாத்திரை எது, பிரஷர் மாத்திரை எது, கடைசியாக மாதவிலக்கு எப்போது, எந்த மருந்துக்கு உடம்பு தடித்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வார்டில் நான் பார்த்த ஒரு அண்ணன், டாக்டர் கேட்டதற்கெல்லாம் ஊரிலிருந்த மகளுக்குப் போன் போட்டுப் போட்டுப் பதில் சொன்னார். நல்ல மனுஷன், அழுதுகொண்டே இருந்தார். இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவளிடம் கேட்டு எழுதி வையுங்கள். சிரிப்பாள், பரவாயில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்துக் கொடுத்த ஊர்ப் பெண்கள் கம்மலை அடகு வைத்து ஐ.சி.யூ. பில் கட்டுகிறோம், அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. பி.பி.எல். கார்டு இருந்தால் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகாவில் வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. சாதாரணமாக அரசு ஆஸ்பத்திரி ரெஃபரல் கேட்பார்கள், உயிர் போகும் அவசரத்தில் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கு நேராகவே போகலாம். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறவர்கள் சம்பளம் மாதம் 21,000க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டும். பிடிக்கிறார்களா, நம்பர் என்ன என்று இன்றே பாருங்கள். பெண்டாட்டி பிள்ளைக்கும் அதில் வைத்தியம் உண்டு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் 91 நாள் வரை கிடைக்கும், குறித்து வைத்த சில பெரிய நோய்களுக்கு அதற்கு மேலும் நீளும். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற நினைத்தால், அங்கே படுக்கையும் வென்டிலேட்டரும் இருக்கிறதா என்று இந்த டாக்டரே அந்த டாக்டரிடம் போனில் பேசிய பிறகு வண்டி ஏறுங்கள். கேஸ் பேப்பர் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2002இலேயே விதி போட்டிருக்கிறது. ஸ்கேன் சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள்.

அவர் வீட்டுக்கு வந்தார். டிஸ்சார்ஜ் பேப்பரில் மூளைக்காய்ச்சல் என்று போட்டு, காரணம் கண்டறியப்படவில்லை என்று எழுதியிருந்தது. நடக்கிறார், சாப்பிடுகிறார், ராத்திரி டியூட்டிக்கு இனி போக முடியாது. முன்னே இல்லாத கோபம் வருகிறது, சில பெயர்கள் வருவதில்லை. பி.இ.எம்.எல். ஃபேக்டரிக்காரனான என் தம்பி பெயரைச் சொல்லாமல் "அந்த பி.இ.எம்.எல். ஆளு" என்கிறார். நானும் சும்மா இல்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை நடுங்கும், நடு ராத்திரியில் எழுந்து அவர் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வாசலில் காத்திருந்தவர்களுக்கும் இப்படி வரும் என்று ஐ.சி.யூ. டாக்டர்களே கூடிப் பேசி 2012இல் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கு இல்லாத பெயர் எனக்குக் கிடைத்ததே என்று ஒரு நாள் சிரித்தோம். தூக்கம் வராமல் மாதக்கணக்கில் போனால் நீங்களும் டாக்டரைப் பாருங்கள். வெளி நோயாளிச் சீட்டு அவருக்கு வாங்கும்போதே உங்களுக்கும் ஒன்று வாங்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் லைனில் மைன்ஸில் அடியில் வேலை பார்த்த ஆண்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவரவர் வீட்டுப் பெட்டியில் சர்வீஸ் பேப்பர், கம்பெனி எடுத்த எக்ஸ்ரே, மைன்ஸ் ஆஸ்பத்திரிச் சீட்டு எது இருந்தாலும் தேடி எடுத்து, ஆதார், பி.பி.எல். கார்டு, இ.எஸ்.ஐ. நம்பரோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வையுங்கள். எக்ஸ்ரேயே இல்லை என்றால், உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிட உதவும். எந்த ஷாஃப்ட், எந்த வேலை, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேருங்கள். இங்கிலீஷில் எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மகள் இருப்பாள், எழுதித் தருவாள்.

இப்படிக்கு,
உங்கள் லைனில் ஒருத்தி,
ஸ்கெலட்டன், கோலார் தங்கவயல்.